தானுந்துப் பொறியின் சேற்றுக்காப்பு

தானுந்துப் பொறியின் சேற்றுக்காப்பு என்பது, கார் எனப் பரவலாக அழைக்கப்படும் தானுந்தின் பொறியை (எஞ்சினை) சாலையிலிருந்து தெறிக்கும் சேறு, நீர், மணல், புழுதி ஆகியவற்றிலிருந்து காக்கும் அமைப்புகளையும் வழக்கங்களையும் குறிக்கும். பொறிக்கு அடியில் பொருத்தப்படும் உலோக அடித்தட்டு, சக்கரங்களின் மேலுள்ள மட்கார்டு, மூட்டுகளின் மேல் கட்டப்படும் தோலுறை, காற்று வடிகட்டி ஆகியன இவற்றுள் முதன்மையானவை. தமிழக வாகனப் பட்டறைகளில் இன்று 'சேம்பர் கார்டு' எனப்படும் தகடு இவ்வடித்தட்டின் வழிவந்ததாகும்.

1890கள் முதல் 1920கள் வரையிலான தானுந்துகள் பெரும்பாலும் தாரிடப்படாத சாலைகளிலேயே ஓடின. அக்காலப் பொறிகளின் பல பாகங்கள் மூடப்படாமல் வெளியே தெரியும்படி இருந்தன. ஆகையால் சேற்றிலிருந்து பொறியைக் காப்பது வசதிக்கான ஏற்பாடாக மட்டும் இருக்கவில்லை. வண்டி ஊர் போய்ச் சேருமா என்பதையே அது முடிவு செய்தது. எனினும் பொறியை முழுவதும் மூடிவிடவும் முடியாது. எரிவதற்கும் குளிர்வதற்கும் பொறிக்குக் காற்று தேவை. காற்று நுழையும் வழியில் சேறும் புழுதியும் நுழையும். இம்முரண்பாட்டுக்குத் தீர்வு காணும் முயற்சியே சேற்றுக்காப்பின் வரலாறு எனலாம். இக்கட்டுரை அவ்வரலாற்றைச் சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

சேறு பொறிக்குச் செய்யும் கேடுகள்

சேறு என்பது நீரும் களிமண்ணும் மணலும் சேர்ந்த கலவை. இம்மூன்றும் பொறியை வெவ்வேறு வகையில் பாதிக்கின்றன.

தேய்மானம்: மணலின் பெரும்பகுதி குவார்ட்சு என்னும் சிலிக்காவால் ஆனது. இது உருளைகள் (சிலிண்டர்கள்) செய்யப்படும் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. காய்ந்த சேறு புழுதியாகிக் காற்றுடன் உருளைக்குள் சென்றால், உயவு எண்ணெயுடன் கலந்து, வால்வு தேய்க்கப் பட்டறையில் பயன்படுத்தும் அரைப்புப் பசையைப் போலாகிவிடும். பிஸ்டன் வளையங்களும் உருளைச் சுவரும் அதனால் விரைவில் தேயும். பொறியின் அமுக்கம் குறையும். எண்ணெய் எரிந்து புகை வரும்.

மின்கசிவு: தீப்பொறிச் செருகிக்கு (ஸ்பார்க் பிளக்) பல ஆயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் தேவை. செருகியின் பீங்கான் மேலோ கம்பிகளின் மேலோ ஈரச் சேறு படிந்தால், மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும். தீப்பொறி எழாது, பொறி நின்றுவிடும்.

வெப்பமேற்றம்: ரேடியேட்டரின் நுண்ணிய இடைவெளிகளில் சேறு அடைத்துக் காய்ந்தால் காற்று ஊடுருவாது. நீர் கொதிக்கும். 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் தானுந்தில் அறிமுகமான தேன்கூட்டு வடிவ ரேடியேட்டர், முந்தைய குழாய்ச் சுருள்களைவிட மிகத் திறமையாகக் குளிர்வித்தது. ஆனால் அதன் துளைகள் சிறியவை என்பதால் சேறு அடைபடுவதும் எளிதாயிற்று.

வழுக்கலும் இறுக்கமும்: அக்காலக் கிளட்சுகள் பலவற்றில் தோல் பட்டை உராய்வுப் பரப்பாக இருந்தது. அது நனைந்தால் வழுக்கும். வெளியே தெரிந்த சங்கிலிகள், கார்புரேட்டரின் இணைப்புக் கம்பிகள், திசைதிருப்பி மூட்டுகள் ஆகியவற்றில் சேறு காய்ந்து இறுகினால் அவை அசைய மறுக்கும்.

சேறு தெறிக்கும் விதம்

வழுக்காமல் உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் புள்ளியின் வேகம் கணநேரத்துக்குச் சுழியமாக இருக்கும். சக்கரத்தின் உச்சிப்புள்ளியோ வண்டியின் வேகத்தைப் போல் இருமடங்கு வேகத்தில் செல்லும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் சக்கர உச்சியில் ஒட்டியுள்ள சேற்றுக் கட்டி, விடுபடும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பாயும். மாட்டுவண்டியின் மெதுவான ஓட்டத்தில் சக்கரத்திலிருந்து சேறு கீழே வழிந்துவிடும். தானுந்தில் அது எறிகல்லைப் போல் பாய்கிறது.

பொறியை முன்பக்கத்தில் வைக்கும் அமைப்பு, 1891ஆம் ஆண்டில் பிரான்சின் பான்ஹார்ட் எ லெவஸ்ஸோர் நிறுவனம் கையாண்ட பிறகு பரவலாயிற்று. இவ்வமைப்பில் பொறி, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையில் அல்லது சற்றுப் பின்னால் அமைகிறது. முன்சக்கரங்கள் வாரியெறியும் சேறு பாயும் வழியிலேயே பொறி இருப்பதால், பக்கவாட்டிலும் அடியிலும் தடுப்பு தேவைப்பட்டது.

சென்னைக்கு மேற்கே இருந்த சாலைகள்

சென்னை நகரில் தானுந்துகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகத் தொடங்கின. சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903ஆம் ஆண்டில் நீராவியால் இயங்கும் தானுந்து ஒன்றை உருவாக்கினார். சென்னையின் முதல் பதிவெண்ணான எம். சி. 1, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் தானுந்துக்கு வழங்கப்பட்டது. கணிதவியலாளர் இராமானுசன் 1912இல் எழுத்தராகச் சேர்ந்தது இவருடைய அலுவலகத்தில்தான்.

நகரிலிருந்து மேற்கே செல்ல இரண்டு முதன்மைச் சாலைகள் இருந்தன. ஒன்று, பூந்தமல்லி வழியாக வாலாசாப்பேட்டை, வேலூர், பெங்களூர் நோக்கிச் செல்வது. மற்றொன்று, பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர், திருத்தணி நோக்கிச் செல்வது. இவ்விரண்டாம் சாலையை ஒட்டியே 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதையும் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை அமைந்தது.

இவ்வட்டாரம் ஏரிகள் நிறைந்தது. அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் எனச் சிறிதும் பெரிதுமாகப் பல ஏரிகள் அடுத்தடுத்து உள்ளன. ஏரிகளின் ஆயக்கட்டுகளிலும் கூவம் ஆற்றின் கரைகளிலும் ஒட்டுந்தன்மை மிகுந்த களிமண் காணப்படுகிறது. வடக்கே செங்குன்றம் பக்கம் செம்மண்ணும் சரளையும் மிகுதி. செங்குன்றம் என்னும் பெயரே மண்ணின் நிறத்தால் வந்ததாகும். ஆகவே ஒரே பயணத்தில் இருவகைச் சேற்றையும் வண்டி சந்திக்க நேரும். செம்மண் சேறு நீர்த்துத் தெறிக்கும். அதில் கூர்மணல் மிகுதி. களிமண் சேறு அப்பிக்கொள்ளும். மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடக் கூடியது.

அக்காலச் சாலைகளில் சிறந்தவை கப்பிச் சாலைகள் எனப்பட்டன. உடைத்த கருங்கல்லைப் பரப்பி, அதன்மேல் சரளையும் செம்மண்ணும் தூவி, நீர் தெளித்து உருளையால் அழுத்தி இவை அமைக்கப்பட்டன. கற்களைப் பிணைத்து வைத்தது அந்த மண்ணும் ஈரமுமே. இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டிச் சக்கரங்கள் கல்லை நசுக்கித் தூளாக்கின. ஆனால் அத்தூள் மீண்டும் இடுக்குகளை நிரப்பியது. தானுந்தின் இரப்பர் சக்கரங்களோ பிணைப்பு மண்ணை உறிஞ்சி வெளியே எறிந்தன. கோடையில் அது புழுதியாகப் பறந்தது. பிணைப்பிழந்த கற்கள் பெயர்ந்து பள்ளங்கள் உண்டாயின. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்ததும் அப்பள்ளங்கள் சேற்றுக்குட்டைகளாயின. தானுந்துகளை வாட்டிய சேற்றின் ஒரு பகுதி, தானுந்துகளாலேயே உண்டானது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

காப்பு முறைகள்

தரை இடைவெளி

மிக எளிய காப்பு, பொறியைச் சேற்றுக்கு எட்டாத உயரத்தில் வைப்பதாகும். பெரிய விட்டமுள்ள சக்கரங்களும் உயரமான அடிச்சட்டமும் இதற்கு உதவின. பிரித்தானிய நிறுவனங்கள் சில, இந்தியா, ஆத்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளின் சாலைகளுக்கென்று தரை இடைவெளி மிகுந்த 'குடியேற்றநாட்டு வகை' வண்டிகளைத் தனியே செய்து விற்றன. உயரம் கூடினால் வளைவுகளில் கவிழும் வாய்ப்பும் கூடும் என்பது இதன் குறை.

மட்கார்டும் பக்கத் தகடும்

தொடக்கத்தில் மட்கார்டுகள் தோலாலோ மரத்தாலோ செய்யப்பட்டுச் சக்கரத்தின் மேல் மட்டும் இருந்தன. அவை பயணிகளின் ஆடைகளைக் காத்தனவேயன்றிப் பொறியைக் காக்கவில்லை. பின்னர், மட்கார்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையேயுள்ள வெளியை நிரப்பும் உட்பக்கத் தகடுகள் சேர்க்கப்பட்டன. ஏறுபடிக்கும் சட்டத்துக்கும் இடையேயும் இத்தகைய தகடு வந்தது. பக்கவாட்டுத் தெறிப்பு இதனால் பெரிதும் குறைந்தது.

அடித்தட்டு

பொறியின் கீழே, ரேடியேட்டரின் அடிப்பகுதி முதல் பல்லிணைப் பெட்டி (கியர் பாக்ஸ்) வரை நீண்ட எஃகு அல்லது அலுமினியத் தகடு சட்டத்தில் பொருத்தப்பட்டது. தோல் வார்கள், திருகுகள், விற்கொக்கிகள் ஆகியவற்றால் இது பிணைக்கப்பட்டு, தேவைப்படும்போது கழற்றும்படி அமைந்தது. சேற்றைத் தடுப்பதுடன், துருத்திய கற்கள் எண்ணெய்த் தொட்டியை உடைத்துவிடாமலும் இது காத்தது.

தோலுறையும் கிரீசும்

திசைதிருப்பி மூட்டுகள், சுழல்தண்டின் இணைப்புகள் ஆகியவற்றின் மேல் தோலுறை தைத்துக் கட்டி, உள்ளே கிரீசை அடைத்து வைத்தனர். நிரம்பி வழியும் கிரீசு, உள்ளே நுழைய முயலும் மணலை வெளியே தள்ளிவிடும். இன்றைய தானுந்துகளின் அச்சு மூட்டுகளில் காணப்படும் இரப்பர் உறைகள் இதே கொள்கையில்தான் இயங்குகின்றன.

மூடிய வால்வுகள்

தொடக்ககாலப் பொறிகளில் வால்வுத் தண்டுகளும் சுருள்வில்களும் திறந்தவெளியில் இருந்தன. அவற்றின் மேல் படிந்த புழுதி, எண்ணெயுடன் கலந்து தண்டுகளை அரித்தது. 1910களில் இவற்றின் மேல் கழற்றக்கூடிய மூடிகள் இடுவது வழக்கமாயிற்று.

காற்று வடிகட்டி

தொடக்ககாலத் தானுந்துகள் பெரும்பாலானவற்றில் காற்று வடிகட்டி இல்லை. கார்புரேட்டர் திறந்த வாயால் காற்றை உறிஞ்சியது. 1920களில் வடிகட்டிகள் பரவத் தொடங்கின. பின்னர் எண்ணெய்க் குளியல் வகை வடிகட்டி பெருவழக்காயிற்று. இதில் உள்ளே வரும் காற்று ஓர் எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் சட்டென்று திரும்புகிறது. காற்று திரும்பிவிடும், கனமான மணல் திரும்ப இயலாமல் எண்ணெயில் விழுந்துவிடும். எஞ்சிய நுண்தூசியை எண்ணெயில் நனைந்த கம்பி வலை பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் ஜீப்புகளிலும் லாரிகளிலும் டிராக்டர்களிலும் இவ்வகை நெடுங்காலம் பயன்பட்டது. உயவு எண்ணெய்க்கான வடிகட்டி, பியூரொலேட்டர் என்னும் பெயரில் அமெரிக்காவில் 1923ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது.

அடித்தட்டும் குளிர்வித்தலும்

சேற்றுக்காப்பு முறைகளுள் மிகவும் சிக்கலை உண்டாக்கியது அடித்தட்டேயாகும். ரேடியேட்டர் வழியாக நுழையும் காற்று, வெப்பத்தை ஏற்றுக்கொண்டு எங்கேனும் வெளியேற வேண்டும். அடிப்பக்கம் திறந்திருந்தால் காற்று கீழே இறங்கி எளிதில் வெளியேறிவிடும். அடித்தட்டை இட்டு மூடினால், சூடான காற்று பொறியறைக்குள் தேங்கும். வெளியேற வழியில்லாததால் புதுக்காற்றும் ரேடியேட்டருக்குள் நுழையாது. சேற்றில் வண்டி தாழ்ந்த பல்லிணையில் மெதுவாகச் செல்லும்போது பொறி மிகுதியாக உழைக்கும். ஆனால் எதிர்க்காற்று குறைவாக இருக்கும். காப்பு மிகவும் தேவைப்படும் அதே வேளையில்தான் குளிர்ச்சியும் மிகவும் தேவைப்படுகிறது.

இதற்கு இருவகைத் தீர்வுகள் காணப்பட்டன. முதலாவது, பானட்டின் பக்கங்களில் சாய்வான பிளவுகளை வெட்டி, சூடான காற்றைப் பக்கவாட்டில் வெளியேற்றுவது. அக்காலத் தானுந்துகளின் பானட்டில் வரிசையாகக் காணப்படும் பிளவுகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல.

இரண்டாவது தீர்வு, அடித்தட்டையே குளிர்விக்கும் அமைப்பின் பகுதியாக்கியது. 1900களின் ஐரோப்பியத் தானுந்துகள் சிலவற்றில், பொறியின் பின்னுள்ள சமனுருளின் (ஃபிளைவீல்) ஆரங்கள் விசிறி இதழ்களின் வடிவில் அமைக்கப்பட்டன. பானட்டும் அடித்தட்டும் பொறியறையை இறுக மூடியிருந்ததால், அவ்விதழ்கள் சுழலும்போது ரேடியேட்டர் வழியாக மட்டுமே காற்று உள்ளே இழுக்கப்பட்டது. இத்தகைய வண்டியில் அடித்தட்டைக் கழற்றிவிட்டால், காற்று எதிர்ப்பில்லாத அடிப்பக்கம் வழியாக உள்ளே வந்துவிடும், ரேடியேட்டர் குளிராது, நீர் கொதிக்கும்.

ஆகவே அடித்தட்டைக் கழற்றுவதன் விளைவு வண்டிக்கு வண்டி வேறுபட்டது. ஒரு வண்டியில் பொறியைக் குளிரச் செய்யும் அதே செயல், மற்றொன்றில் அதைக் கொதிக்கச் செய்யும். தட்டு எதற்காக அங்கே இருக்கிறது என்பதை அறிந்த பின்னரே அதில் கைவைக்க வேண்டும் என்பது பழைய வண்டிகளைப் புதுப்பிப்போருக்கு இன்றும் பொருந்தும்.

அடித்தட்டுக்கு வேறொரு குறையும் இருந்தது. பொறியிலிருந்து கசியும் எண்ணெயும் கார்புரேட்டரிலிருந்து வழியும் பெட்ரோலும் தட்டில் தேங்கின. சேறும் அதில் ஊறியது. பின்தீ ஒன்று எழுந்தால் இக்கலவை பற்றிக்கொள்ளும். இதற்காகத் தட்டின் தாழ்ந்த பகுதியில் வடிதுளைகள் இடப்பட்டன. அத்துளைகள் வழியே சிறிதளவு நீர் நுழைவது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஃபோர்டு மாடல் டி

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி, கரடுமுரடான நாட்டுப்புறச் சாலைகளை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டது. பிரித்தானியப் பேரரசின் நாடுகளுக்கான வலப்பக்கத் திசைதிருப்பி வண்டிகள் கனடாவின் ஃபோர்டு நிறுவனத்திலிருந்து வந்தன. அந்நிறுவனத்தின் கிளையாக இந்திய ஃபோர்டு நிறுவனம் 1926இல் தொடங்கப்பட்டது. பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களுடன் சென்னையிலும் ஃபோர்டு வண்டிகள் பூட்டப்பட்டன.

சேற்றுக்காப்பில் மாடல் டியின் அணுகுமுறை, தட்டை இட்டு மறைப்பதைவிடப் பாகங்களையே உள்ளடக்கி வைப்பதாக இருந்தது. அதன் சிறப்புக் கூறுகள் வருமாறு:

• பொறி, சமனுருள், பல்லிணை அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே அழுத்தெஃகுத் தொட்டிக்குள், ஒரே எண்ணெயில் இயங்கின. கிளட்சு வெளியே தெரியாததால் சேறு பட்டு வழுக்கவில்லை.

• மின்சாரம் தரும் மேக்னெட்டோ, சமனுருளுடன் சேர்ந்து தொட்டிக்குள்ளேயே இருந்தது.

• பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டு ஒரு குழலுக்குள் அடங்கியிருந்தது. வெளியே தெரியும் சங்கிலிகள் இல்லை.

• தொட்டிக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே இருபுறமும் இருந்த வெளியை மட்டும் தகடுகள் மூடின.

• தரை இடைவெளி ஏறத்தாழ 25 சென்டிமீட்டர்.

1911இல் வால்வுகளின் மேல் மூடிகளும் சேர்க்கப்பட்டன. எனினும் குறைகள் இல்லாமல் இல்லை. தீப்பொறியின் நேரத்தை முடிவு செய்யும் சுழலி, பொறியின் முன்பக்கத்தில் தாழ்வாக இருந்ததால் அழுக்கேறித் தொல்லை தந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியில் காற்று வடிகட்டியோ எண்ணெய் வடிகட்டியோ இல்லை. சேற்றை நன்கு சமாளித்த அவ்வண்டி, கோடைப் புழுதியிடம் காப்பின்றி நின்றது.

பராமரிப்பு

சேற்றுச் சாலையில் ஓடிய தானுந்துக்கு அன்றாடப் பராமரிப்பு இன்றியமையாததாக இருந்தது. சேறு காயும் முன்பே கழுவுவது முதல் விதி. ரேடியேட்டரைப் பொறிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். முன்பக்கத்திலிருந்து பாய்ச்சினால் சேறு மேலும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். சூடான பொறியின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக் கூடும் என்பதால், வண்டி ஆறும் வரை காத்திருக்க வேண்டும். கழுவிய பின் மூட்டுகளில் புதிய கிரீசு வெளியே பிதுங்கும் வரை அடைப்பதும், உயவு எண்ணெயை அடிக்கடி மாற்றுவதும் வழக்கம். வடிகட்டி இல்லாத பொறியில் மணலை வெளியேற்ற எண்ணெயை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடித்தட்டு இவ்வேலைகளுக்கு இடையூறாக இருந்தது. எண்ணெயை வடிக்க ஒவ்வொரு முறையும் அதைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிய தட்டைத் திரும்பப் பூட்டாமல் விட்டுவிடுவதும் இதனால் நேர்ந்தது. புதுப்பிக்கப்படும் பழைய தானுந்துகள் பலவற்றில் அடித்தட்டு காணாமற் போயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சாலைகளின் மாற்றம்

தானுந்துகளின் பெருக்கத்தால் கப்பிச் சாலைகள் சிதைவதைக் கண்ட இந்திய அரசு, எம். ஆர். ஜெயகர் தலைமையில் 1927ஆம் ஆண்டில் சாலை மேம்பாட்டுக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1928இல் வெளியாயிற்று. அதன் பரிந்துரைப்படி பெட்ரோல் மீது வரி விதித்து, அதைச் சாலைகளுக்குச் செலவிடும் நடுவண் சாலை நிதி 1929இல் உருவாயிற்று. 1934இல் இந்தியச் சாலைப் பேரவை தோன்றியது. தார்ச் சாலைகள் படிப்படியாகப் பரவின. பூந்தமல்லி வழியாகச் செல்லும் சாலை பின்னாளில் தேசிய நெடுஞ்சாலை 4 ஆகி, 2010ஆம் ஆண்டு மறு எண்ணிடலின் பின் தேசிய நெடுஞ்சாலை 48இன் பகுதியானது.

சாலை சீரானதும் தானுந்துகள் தாழ்வாயின. தாழ்ந்த வண்டி வளைவுகளில் நிலைத்து நிற்கும். காற்றின் எதிர்ப்பும் குறையும். ஆனால் உயரம் அளித்த காப்பு போய்விட்டது. அவ்விடத்தை வடிகட்டிகளும் எண்ணெய் அடைப்பு வளையங்களும் (ஆயில் சீல்) நிரப்பின. சாலை மீண்டும் சேறானால் அது எவ்வளவு போதும் என்பது பின்னர் தெரியவந்தது.

ஆவடியிலும் பாடியிலும்

விடுதலைக்குப் பின் இவ்வட்டாரம் வாகனத் தொழிலின் மையமாயிற்று. 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய நிறுவனங்கள் அமைந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் பல, வாகன உறுப்புகளைச் செய்கின்றன. வண்டியைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார், மின்னாக்கி, பிரேக்கு ஆகியன சேறு நேரடியாகத் தாக்கும் இடங்களில் பொருத்தப்படுபவை. அவற்றுள் நீர் புகாமல் அடைப்பதும், உள்ளே உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றுவதும், அடித்தட்டில் தோன்றிய பழைய சிக்கலின் சிறு வடிவங்களேயாகும்.

சேற்றுக்காப்பின் உச்ச நிலையை ஆவடியில் காணலாம். 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா பீரங்கி வண்டி 1965இல் வெளிவந்தது. பின்னர் உருசிய வடிவமைப்பான டி-72, அஜேயா என்னும் பெயரில் இங்கே செய்யப்பட்டது. பீரங்கி வண்டிகளுக்கான பொறிகளைச் செய்யும் ஆவடி எஞ்சின் தொழிற்சாலை 1987இல் தொடங்கப்பட்டது. இவ்விரு தொழிற்சாலைகளும் 2021 முதல் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் உள்ளன.

டி-72 வண்டி, முன்னேற்பாடு இன்றி ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழ நீரைக் கடக்கும். மூச்சுக்குழல் பொருத்தினால் 5 மீட்டர் ஆழத்தில் ஆற்றின் அடித்தரையிலேயே செல்லும். அப்போது பொறியறையின் திறப்புகள் மூடப்படுகின்றன. காற்று குழல் வழியாக வருகிறது. மூடிய நிலையில் குளிர்விப்பு குறைவு என்பதால் நெடுநேரம் இவ்வாறு ஓட்ட இயலாது. பாலைவனப் புழுதியைப் பிரிக்க, காற்றைச் சுழலச் செய்து மணலை வெளிப்புறமாக ஒதுக்கும் சுழல் வடிகட்டிகள் பயன்படுகின்றன. எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் காற்றைத் திருப்பிய பழைய வடிகட்டியின் கொள்கையும் இதுவே: காற்று வளையும், மணல் வளையாது.

இன்றைய தானுந்துகள்

இன்றைய தானுந்துகளில் அடித்தட்டு பெரும்பாலும் நெகிழியால் ஆனது. சேற்றைத் தடுப்பதுடன் காற்றின் எதிர்ப்பையும் ஒலியையும் குறைப்பது இதன் நோக்கம். மின்விசிறி வெப்பநிலையைப் பொறுத்துத் தானே இயங்குவதால், தட்டு மூடியிருந்தாலும் குளிர்விப்புக் குறைவதில்லை. கற்கள் மிகுந்த சாலைகளுக்கு எஃகாலான சேம்பர் கார்டைத் தனியே பொருத்துவதும் உண்டு.

எனினும் இவை எவையும் வெள்ளத்துக்குக் காப்பாகா. 2015 திசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டபோதும், 2023 திசம்பரில் மிக்சாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் மூழ்கியபோதும், இவ்வட்டாரத்தில் ஏராளமான வண்டிகள் சேற்றுநீரில் நின்றன. இன்றைய தானுந்துகளில் காற்று நுழையும் வாய் பெரும்பாலும் முன்பக்கத்தில், ரேடியேட்டரை ஒட்டி அமைந்துள்ளது. நீர் அந்த உயரத்தை எட்டினால் காற்றுக்குப் பதில் நீரே உருளைக்குள் செல்லும். காற்றைப் போல் நீரை அமுக்க முடியாது. ஆகவே மேலெழும் பிஸ்டன் நீரில் மோதி, அதைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளைந்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பலவற்றில் இச்சேதம் நீரால் நேர்வதைவிட, நீர் வடிந்த பின் உரிமையாளர் சாவியைத் திருகிப் பார்ப்பதால் நேர்கிறது. அவ்வாறான வண்டியை இயக்க முயலக் கூடாது. முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பின்பு காற்று வடிகட்டி நனைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். நனைந்திருந்தால், வண்டியை இழுத்துச் சென்று பட்டறையில் உருளைகளிலிருந்து நீரை நீக்கி, உயவு எண்ணெயையும் மாற்றிய பின்னரே இயக்க வேண்டும். எண்ணெய் அளவுகோலில் பால் கலந்த தேநீர் நிறம் தெரிந்தால், உயவு எண்ணெயில் நீர் கலந்துவிட்டது என்று பொருள்.